சானடோரியத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவே

மெட்ரோ வருவதற்கு முன்பு அசோக் நகர்க்காரர்கள் ரயிலேற மாம்பலத்துக்கோ கோடம்பாக்கத்துக்கோ போவார்கள். அங்கிருந்து தெற்கே போனால் தாம்பரம் சானடோரியம், வடக்கே போனால் சேத்துப்பட்டு. காசநோய் வைத்தியத்தின் இரண்டு காலங்கள் ஒரே தண்டவாளத்தில் இருக்கின்றன.

சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். கிருமியைக் கொல்லும் மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு, ஊரைவிட்டு விலகிய படுக்கை: வைத்தியம் இவ்வளவுதான்.

பிறகு மாத்திரைகள் வந்தன. ஆனால் எல்லோருக்கும் படுக்கை கிடைக்கவில்லை. வீட்டிலேயே வைத்தியம் பார்க்க முடியுமா என்று அறிய 1956-ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி நெருக்கடியான சொந்த வீட்டுக்கு. இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியசிட், பாஸ் (PAS) என்ற இரண்டு மருந்துகள்.

1959-ல் வெளிவந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை.

காரணம் எளிது. மருந்து தொடங்கியதும் தொற்றும் வேகம் அடங்கிவிடுகிறது. வீட்டார் கிருமியைச் சுவாசித்தது பெரும்பாலும் நோய் தெரியவருவதற்கு முன்பே. சாதாரண இருமல் என்று டானிக் வாங்கிக் குடித்த நாட்கள்தான் ஆபத்தானவை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் குறையும் எடை, சளியில் ரத்தம்: இவற்றில் ஏதாவது இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

சாப்பாடு தேவையில்லை என்று சேத்துப்பட்டு ஒருபோதும் சொல்லவில்லை. அதே நிறுவனம் பங்கேற்று ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்ததில், அவர்களிடையே புதிதாக நோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் தெரிந்தவுடனே நோயாளியின் எடை, மூச்சு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்க்கிறார்கள். நிலைமை மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம்.