கடிகாரம் ஒன்றே, உச்சி ஊருக்கொன்று

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று திருக்குர்ஆன் (4:103) அறிவிக்கிறது. ஆகவே நேரம் கணிப்பதும் நம் முன்னோர்க்கு மார்க்கப் பணியாயிற்று. டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளர் இப்னு ஷாத்திர் 1371இல் அங்குச் சூரியக் கடிகாரம் அமைத்தார்.

நம் நாட்டில், 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தின் ‘மதராஸ் நேரம்’ தந்தி வழியே இரயில் நிலையக் கடிகாரங்களை ஒன்றிணைத்தது. அதனினும் ஏறத்தாழ 9 நிமிடம் கூடுதலான இந்தியச் சீர்நேரம் 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக்கடிகாரங்கள் அதனைப் பேணுகின்றன. கணினிகளோ, 1985இல் டேவிட் மில்ஸ் வகுத்தளித்த முறைப்படி, வலையமைப்பில் நேரம் கேட்டு, கேள்வியும் விடையும் போய்வரும் தாமதத்தையும் கணக்கிட்டுத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன.

ஆயினும், கடிகாரங்கள் ஒன்றுபட்டதால் சூரியன் எங்கும் ஒருசேர உச்சி சாய்வதில்லை. சென்னைக்கு ஏறத்தாழ 6 நிமிடம் பிந்தியே காரைக்குடியில் சாய்கிறது. கைபேசியில் சென்னை அட்டவணையைப் பார்த்து இங்கு லுஹர் தொழுதால், நேரம் நுழையுமுன் தொழ நேரிடலாம், அத்தொழுகை நிறைவேறாது. கடிகாரத்தை வலையமைப்பு திருத்தட்டும். அட்டவணையை நம் ஊருக்கே கணித்துப் பள்ளிவாசலில் வைப்போம். அல்லாஹ் நம் தொழுகைகளை ஏற்றருள்வானாக.