சூப்பர்ஜூம் பிரிட்ஜ் காமிராவும் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரும்

சூப்பர்ஜூம் பிரிட்ஜ் காமிரா என்பது, உடலோடு நிலையாகப் பொருத்தப்பட்ட ஒரே லென்ஸைக் கொண்டு, கண்முன் விரியும் அகன்ற காட்சி முதல் வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் தொலைப்பொருள் வரையில் அனைத்தையும் படம் பிடிக்கும் டிஜிட்டல் புகைப்படக் கருவியாகும். தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். என்பதோ, லென்ஸைக் கழற்றி வேறொன்று மாட்டத்தக்கதும், லென்ஸின் வழியே வரும் ஒளியை உள்ளேயிருக்கும் ஆடியொன்றினால் மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டுவதுமான ரிஃப்ளெக்ஸ் வகைக் காமிராக்களுள் விலை குறைந்த கீழ்ப்படியைச் சார்ந்தது. இரண்டும் விலையில் ஏறக்குறைய அருகருகே நின்றமையாலும், கைப்பிடியும் முன்னே நீண்ட லென்ஸுமாகத் தோற்றத்தில் ஒத்திருந்தமையாலும், கைபேசியோடு திருப்தியடையாமல் முதற் காமிரா வாங்கப் புறப்படுவோர் இவ்விரண்டில் எதைக் கொள்வது என்று கடைவாசலில் தயங்கி நிற்பது சென்ற பதினைந்து ஆண்டுகளாக வழக்கமாயிற்று. தயக்கம் நியாயமானதே, ஏனெனில் வெளியே ஒத்திருக்கும் இவை, ஒளியைச் சேகரிக்கும் முறையில் முற்றிலும் வேறு வேறானவை.

35 மி.மீ. ஃபிலிமைப் பயன்படுத்தும் ரிஃப்ளெக்ஸ் காமிராவின் வரலாறு, 1936-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கினே எக்ஸாக்டாவோடு வெகுஜனங்களுக்கு அறிமுகமாகி, 1959-இல் ஜப்பானின் நிக்கான் எஃப் மூலம் பத்திரிகைத் துறையின் பிரதான உபகரணமாக உயர்ந்தது. 1991-இல் கோடக் நிறுவனம் நிக்கான் எஃப்3 உடலை அடிப்படையாகக் கொண்டு தன் டிஜிட்டல் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தபோது அது செய்தி நிறுவனங்களே வாங்கத்தக்க விலையில் இருந்தது. 2003-இல் கேனான் இ.ஓ.எஸ். 300டி ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் வந்த பின்னரே சாதாரணக் குடும்பத்தினர் டி.எஸ்.எல்.ஆரை எண்ணிப் பார்க்கலாயினர். பிரிட்ஜ் வகையும் ஃபிலிம் காலத்திலேயே தோன்றியதுதான்: 1988-இல் ரிக்கோ மிராய், 1990-இல் ஒலிம்பஸ் ஐ.எஸ்.-1 ஆகியவை, கழற்ற முடியாத ஜூம் லென்ஸும் ரிஃப்ளெக்ஸ் ஆடியும் சேர்ந்த நடுத்தர வகையாக வெளிவந்தன. டிஜிட்டல் காலத்தில் ஆடி மறைந்தது. அதன் இடத்தில் சிறிய மின்திரை வியூஃபைண்டர் வந்தது. ஜூம் மட்டும் ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே போயிற்று. 2000-இல் ஒலிம்பஸ் சி-2100 பத்து மடங்கு என்றால், 2012-இல் கேனான் எஸ்.எக்ஸ்.50 ஐம்பது மடங்கையும், 2015-இல் நிக்கான் பி900 எண்பத்து மூன்று மடங்கையும், 2018-இல் நிக்கான் பி1000 நூற்றிருபத்தைந்து மடங்கையும் எட்டின.

இந்த மடங்குக் கணக்கை மட்டும் நம்பி வாங்குவது பெரும் பிழையாகும். பி900-இன் பெட்டியின்மீது 2000 மி.மீ. என்று அச்சிட்டிருந்தாலும், அதன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 357 மி.மீ. வரையில்தான்; ஒளியைப் பதிவு செய்யும் அதன் சென்சார் மிகச் சிறியதாதலால், பழைய 35 மி.மீ. ஃபிலிமில் 2000 மி.மீ. லென்ஸ் காட்டக்கூடிய அத்தனை குறுகிய காட்சியை அது காட்டுகிறது என்பதே அவ்வெண்ணின் பொருள். அச்சென்சார் அகலத்தில் 6.2 மி.மீ., உயரத்தில் 4.6 மி.மீ. அளவினது, 2018-இல் வந்த நிக்கான் டி3500 என்னும் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரின் சென்சாரோ 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உடையது. பரப்பளவில் பின்னது முன்னதைப்போல் பதின்மூன்று மடங்கு. இதைக் கேட்ட மாத்திரத்தில், பெரிய சென்சாரே எந்நிலையிலும் சிறந்தது என்று தீர்ப்புக் கூறிவிடுவோர் பலர். ஆயின், சென்சாரின் பரப்பு விவகாரத்தின் பாதி மட்டுமே. மற்றைப் பாதி லென்ஸின் திறப்பு எத்தனை அகலம் என்பதில் இருக்கிறது. விற்பனையாளரும் வாங்குவோரும் மெகாபிக்ஸலைப் பற்றியும் ஜூமைப் பற்றியும் எவ்வளவோ பேசியும், இந்தத் திறப்பைப் பற்றிப் பேசாமல் விடுவது வருந்தத்தக்கது.

ஏரிக்கரையில் முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அலகு முதல் வால் வரை அதன் நீளம் ஏறக்குறைய 28 செ.மீ. டி3500-ஐ வாங்கும்போது உடன்வரும் 18-55 மி.மீ. லென்ஸை அதன் எல்லைவரை நீட்டிப் படம் எடுத்தால், சென்சாரில் அப்பறவையின் பிம்பம் அரை மில்லிமீட்டர்தான். ஆறாயிரம் பிக்ஸல் அகலமுள்ள படத்தில் அது நூற்றுமுப்பது பிக்ஸல் நீளமுள்ள ஒரு நீலத் தீற்றலாக மட்டுமே நிற்கும். 70-300 மி.மீ. லென்ஸை வாங்கி மாட்டினால் பிம்பம் 2.8 மி.மீ. ஆகி, எழுநூறு பிக்ஸலுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். பி900-இலோ, சென்சாரின் பாதி அகலத்தை அப்பறவையே நிரப்பி, இரண்டாயிரத்து நானூறு பிக்ஸலுக்கு மேல் தருகிறது.

இனித் திறப்பைக் கவனிப்போம். லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் திறப்பின் விட்டம் கிடைக்கும். பி900-இன் நெடுங்கோடியில் 357-ஐ 6.5 ஆல் வகுக்க 55 மி.மீ. வருகிறது, டி3500 போன்ற காமிராக்களுக்கென்று வந்த மலிவான 70-300 லென்ஸில் 300-ஐ 6.3 ஆல் வகுக்க 48 மி.மீ. ஆகிறது. எனவே ஒரே ஷட்டர் வேகத்தில், அந்த மீன்கொத்தியிடமிருந்து புறப்பட்டு வரும் ஒளியில் மூன்றிலொரு பங்கு அதிகமாகப் பெறுவது பிரிட்ஜ் காமிராவே. டி.எஸ்.எல்.ஆரின் பெரிய சென்சாரில் பறவை விழுவது ஒரு சிறு மூலையளவு இடத்தில். எஞ்சிய பரப்பெல்லாம் நீரையும் நாணலையும் பதிவு செய்து வீணாகிறது. தொலைவிலுள்ள சிறு பொருளை நல்ல வெயிலில் படமெடுப்பதே நோக்கமாயின், பிரிட்ஜ் காமிராவை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது அறியாமை என்றே கூற வேண்டும். அதன் பிக்ஸல்கள் அத்தனையும் புது விவரத்தைத் தருவன அல்ல என்பதும் மெய்யே. ஒளியின் அலைத்தன்மையால் எஃப் 6.5-இல் ஒரு புள்ளியின் பிம்பமே பல பிக்ஸல்களின்மீது பரவிவிடுகிறது. அப்படியிருந்தும், அலகின் நிறத்தையும் இறகின் விளிம்பையும் பிரித்துக் காண்பதில் 300 மி.மீ. லென்ஸைப் பார்க்கிலும் அது ஒரு படி மேலே நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற முயற்சிகளில் ஈடுபடுவோரிடையே இவ்வகைக் காமிராக்கள் பரவியதற்குக் காரணம் இதுவே. உப்புக்கொத்திகளுள் எது எது என்று பைனாகுலரில் நிச்சயிக்க முடியாதபோது, ‘ரெக்கார்ட் ஷாட்’ என்று அவர்கள் சொல்லும் ஓர் அடையாளப் படம், கலையழகு இல்லாததாயினும், ஐயத்தைத் தீர்த்துவைக்கிறது. ஆயினும் இந்த நெடுங்கண்ணைக் கையாள்வதற்குப் பழக்கம் வேண்டும். 2000 மி.மீ. அளவுக்கு நீட்டியபின் கை சிறிது அசைந்தாலும் பறவை சட்டத்தை விட்டு மறைந்துவிடும். பிறகு வெற்று இலைகளிடையே அதைத் தேடி அலைய நேரும். இதற்கென்றே பி900-இன் லென்ஸ் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்: அதை அழுத்திய அளவில் காட்சி விரிந்து, பறவை இருக்குமிடம் தெரிகிறது, அதை நடுவே கொணர்ந்து விரலை எடுத்தால், ஜூம் மீண்டும் பழைய நிலைக்கு நீள்கிறது. வெயில் ஏறியபின் நிலத்தின்மேலும் நீரின்மேலும் எழும் கானலை மட்டும் எந்தப் பொத்தானும் தீர்ப்பதில்லை. காலை பத்து மணிக்குமேல் நெடுந்தொலைவில் எடுத்த படங்கள் நீரடியில் எடுத்தவைபோல் கலங்கியிருந்தால், காமிராவைக் குறை கூறுவதில் பயனில்லை; பறவையை நெருங்கத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. அகன்ற காட்சிக்காக ஜூமை முழுதும் சுருக்கும்போது, பி900-இன் குவியத் தூரம் 4.3 மி.மீ., எஃப் எண் 2.8, ஆதலால் திறப்பின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். டி3500-உடன் வரும் சாதாரண லென்ஸின் திறப்போ அகன்ற கோடியில் ஐந்து மில்லிமீட்டர். ஒரே ஷட்டர் வேகத்தில் சென்சார் முழுவதும் சேரும் ஒளி, பின்னதில் ஏறத்தாழ எட்டு மடங்கு. 2009 முதல் விற்பனையிலிருந்த 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் இவ்வேறுபாடு முப்பது மடங்கைத் தாண்டுகிறது. ஒற்றைக் குழல்விளக்கின் வெளிச்சத்தில் தவழும் குழந்தையையும், விளக்கொளி மட்டுமே உள்ள கர்ப்பக்கிருகத்துக்கு வெளியே நின்று தொழும் மூதாட்டியின் முகத்தையும், முகம் மட்டும் தெளிந்து பின்னணி மெல்லக் கரையும்படி எடுப்பதற்கு அந்த இருநூறு கிராம் லென்ஸ் போதும். பிரிட்ஜ் காமிரா அவ்விடத்தில் தானியம் தானியமாகச் சிதறிய படத்தையோ, இரைச்சலை நீக்குவதாகச் சொல்லி முகத்தின் சுருக்கங்களையெல்லாம் மெழுகியெடுத்த படத்தையோதான் தரும்.

அசையும் பொருளைப் படமெடுப்பதிலும் டி.எஸ்.எல்.ஆருக்கே மேன்மை. ஆடியின் வழியே கண் காண்பது நிகழ்ச்சியையே; அதன் திரைப்படிவத்தை அன்று. அதனால் தாமதம் என்பது இல்லை. குவியத்தைக் கணிப்பதற்குத் தனியான உணரி இருப்பதால், எதிர்நோக்கிப் பறந்துவரும் பறவையையும் ஓடிவரும் சிறுவனையும் அது விடாமல் தொடர்கிறது. பி900 நொடிக்கு ஏழு படம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஏழு எடுத்ததும் அவற்றைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை அடுத்த தொடருக்குக் காத்திருக்க வைக்கிறது. வேடந்தாங்கலில் பகல் வெளிச்சத்தில் ஏரி நடுவே நீர்க்கடம்பின்மேல் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரையை எடுக்கப் பிரிட்ஜ் காமிரா உகந்தது. அந்தி மங்கும் வேளையில் அதே மரங்களுக்குக் கூட்டங்கூட்டமாகத் திரும்பிவரும் பறவைகளின் பறப்பை எடுக்க டி.எஸ்.எல்.ஆரே உதவும். பாட்டரியின் ஆயுளிலும் வேற்றுமை மிகப் பெரிது: தரக் கணக்கின்படி ஒருமுறை மின்னேற்றினால் பி900 ஏறக்குறைய 360 படமும், டி3500 1550 படமும் எடுக்கும்.

படத்தைப் பின்னர் கணினியில் திருத்தும் வழக்கமுடையோர், சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ‘ரா’ கோப்பு வசதியை உசாவ வேண்டும். பி900-இல் அது இல்லை, எஸ்.எக்ஸ்.50-இலும் பி1000-இலும் எல்லா டி.எஸ்.எல்.ஆர்.களிலும் உண்டு. இருவகைக்கும் நடுவே, ஓர் அங்குல வகைச் சென்சாரும் 24-600 மி.மீ. வீச்சும் கொண்ட சோனி ஆர்.எக்ஸ்.10-இன் மூன்றாம், நான்காம் பதிப்புகள் பெரும்பாலான குறைகளைப் போக்கிவிட்டன. அவற்றின் விலை மட்டும் தொடக்கநிலையினருக்கு உரியதன்று.

எடையைக் கருதினால், பி900 ஏறத்தாழ 900 கிராம். டி3500-இன் உடல் பாட்டரியோடு 415 கிராமே. இரு லென்ஸ்களையும் சேர்த்தால் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். பையில் சுமப்பதில் பேதம் சிறிது, ஆனால் டி.எஸ்.எல்.ஆர். உடையவர் காற்றும் தூசியும் வீசும் இடத்தில் லென்ஸை மாற்ற நேர்வதால், சென்சாரில் துகள் படிவது திண்ணம். கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் இருவகை லென்ஸ்களிலும் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பதே எளிய பரிகாரம். பூஞ்சை பிடித்த தனி லென்ஸை ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கலாம். பிரிட்ஜ் காமிராவில் லென்ஸ் கெட்டால் கருவியே கெட்டதாகும்.

டி.எஸ்.எல்.ஆரை வாங்கி, உடன்வந்த லென்ஸைத் தவிர வேறெதையும் என்றும் மாட்டாமல் வைத்திருப்போர் எண்ணிறந்தோர். அவர்கள் கழற்றும் வசதிக்கு விலை கொடுத்துவிட்டு அதன் பயனைப் பெறாதவர்கள். இரண்டாவது லென்ஸுக்குரிய தொகையையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதே முறை. அவ்வாறு ஒப்பிட்டபின் பறவையும் நிலவும் விமானமுமே ஒருவரின் விருப்பமென்று தெரிந்தால், பிரிட்ஜ் காமிராவை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. குடும்ப நிகழ்ச்சிகள், மனித முகங்கள், மாலை வெளிச்சம் ஆகியவற்றில் மனம் செல்பவருக்கும், இக்கலையைப் படிப்படியாகப் பயில விழைபவருக்கும், டி.எஸ்.எல்.ஆரும் ஓர் எஃப் 1.8 லென்ஸுமே என் பரிந்துரை.

இன்று நிறுவனங்களின் கவனம் ஆடியில்லாத மிரர்லெஸ் காமிராக்களுக்குச் சென்றுவிட்டது. டி3500-இன் உற்பத்தியும் நின்றது. ஆகவே இவ்விரு வகையையும் பழைய பொருளாகவே வாங்குவோர் மிகுந்து வருகின்றனர். பிரிட்ஜ் காமிராவாயின், ஜூமை முழுதும் நீட்டித் தெருக்கோடியிலுள்ள பெயர்ப்பலகையைப் படமெடுத்து எழுத்து இருபக்கமும் ஒரே தெளிவோடு இருக்கிறதா என்றும், லென்ஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் மோட்டார் தயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். டி.எஸ்.எல்.ஆராயின், வெள்ளைச் சுவரொன்றை எஃப் 16-இல் எடுத்துச் சென்சாரின் தூசியைக் காணலாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதையும் கேட்டறிய வேண்டும். டி3500-இன் உடலில் குவிய மோட்டார் இல்லாமையால், மோட்டார் பொருத்தாத பழைய நிக்கான் லென்ஸ்களைக் கையாலேயே திருப்பிக் குவியப்படுத்த நேரும் என்பதை, மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றைச் சேர்த்து வாங்குமுன் அறிந்துகொள்வது நலம்.