சொந்த ஊரில் ஒரு பேய்ப்படம்

பேய்ப்படங்களில் பயம் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வருகிறது. ட்ரான்சில்வேனியாவிலிருந்தோ, பாழடைந்த ஏதோ ஒரு ஐரோப்பியக் கோட்டையிலிருந்தோ, அதுவும் இல்லையென்றால் விண்வெளியிலிருந்தோ. பார்வையாளன் பயந்துவிட்டு, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்ற நிம்மதியோடு வீடு திரும்பலாம். 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க் நகரத்து ஃபுல்டன் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' இந்த நிம்மதியைப் பறித்துக்கொண்டது. அதன் சரித்திர முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜார்ஜ் ரொமேரோ நியூயார்க்கில் பிறந்தவர். படிக்க வந்த பிட்ஸ்பர்க்கிலேயே தங்கி, நண்பர்களுடன் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஆரம்பித்த படம் இது. முடியும்போது செலவு 1,14,000 டாலர் அளவில் வந்து நின்றது. ஹாலிவுட் கணக்கில் இது சில்லறை. நகரத்துக்கு வடக்கே எவான்ஸ் சிட்டி பக்கம், இடிப்பதற்கென்று விடப்பட்டிருந்த ஒரு பண்ணை வீட்டில் 1967இல் படம்பிடித்தார்கள். கறுப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகே போதுமாயிருந்தது. பணம் போட்டவர்களே நடித்தார்கள். பிணங்களாக நடந்தவர்களும், துப்பாக்கியோடு அவற்றை வேட்டையாடியவர்களும் அந்தப் பிரதேசத்து ஜனங்கள். படத்தில் செய்தி சேகரிப்பவராக வரும் பில் கார்டில், உள்ளூர்த் தொலைக்காட்சியில் பேய்ப்படங்களை அறிமுகம் செய்துவந்த மனிதர். தன் சொந்தப் பெயரிலேயே வருகிறார்.

ஆக, ஃபுல்டனில் உட்கார்ந்திருந்தவர்கள் திரையில் கண்டது தங்களையே. உள்ளூர்க் கலைஞனுக்கு உள்ளூர் அளிக்கும் கௌரவம் பொதுவாக விமர்சனத்தை நிறுத்திவைக்கும் ஒரு சடங்கு. இங்கே அந்தச் சடங்குக்குள்ளேயே வேறொன்று நிகழ்ந்திருக்கிறது.

கதாநாயகன் பென் பாத்திரம் ஒரு கறுப்பருக்கென்று எழுதப்பட்டதல்ல. நடிக்க வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் சிறந்தவராக இருந்ததால் அவருக்குக் கிடைத்தது என்றே ரொமேரோ சொல்லிவந்தார். இரவு முழுவதும் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைக்கும் பென்னை, காலையில் வரும் வேட்டைக் கூட்டம் பிணமென்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. கொக்கிகளால் இழுத்து, விறகோடு சேர்த்து எரிக்கிறது. இது எழுதப்பட்டதும் படம்பிடிக்கப்பட்டதும் 1967இல். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அடுத்த நாள் முதல் பிட்ஸ்பர்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹில் பகுதி எரிந்தது. தேசியக் காவற்படை தெருவில் இறங்கியது. அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் இந்தத் திரையிடல், அதே நகரத்தில்.

படத்தில் இல்லாத அர்த்தத்தை வெளியிலிருந்து ஏற்றிவிட்டதாக இதைச் சொல்ல முடியாது. வேட்டைக்காரர்களின் சாவதானமும், காப்பி குடித்துக்கொண்டே சுடும் சகஜமும் படத்தில் இருப்பவை. அவற்றுக்கு ஊரும் வருஷமும் சாட்சியாக வந்து சேர்ந்தன. கலைஞனின் உத்தேசம் ஒரு படைப்பின் எல்லை அல்ல என்று நாம் ஓயாமல் எழுதிவருகிறோம். அதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பிறகு படம் ஊரின் கையை விட்டுப் போனது. 'நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' என்ற தலைப்பை விநியோகஸ்தர்கள் மாற்றியபோது, அந்தத் தலைப்பு அட்டையிலிருந்த உரிமை வாசகமும் சேர்ந்து போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வாசகம் இல்லையென்றால் உரிமையும் இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள். எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பணம் பெரும்பாலும் வரவில்லை. உலகம் முழுக்கப் படம் பரவியதற்கும் இதுவே ஒரு காரணம். 1999இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ரொமேரோ உடனே ஹாலிவுட்டுக்குக் குடிபோய்விடவில்லை. 'மார்ட்டின்' படத்தை, எஃகுத் தொழில் நொடித்துக்கொண்டிருந்த பக்கத்து பிராடக்கில் எடுத்தார். 1978இல் வெளிவந்த 'டான் ஆஃப் த டெட்' படத்தில் பிணங்கள் சுற்றித் திரிவது மன்ரோவில் வணிக வளாகத்தில். பிட்ஸ்பர்க்வாசிகள் சாமான் வாங்கப் போகும் இடம் அது. 2017இல் டொராண்டோவில் அவர் இறந்தபோது, சொந்த ஊருக்குப் பெருமை சேர்த்தவர் என்று எழுதினார்கள். ஊரைத் திரும்பத் திரும்பத் திரையில் நிறுத்தி விசாரித்தவர் என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.