அத்துவித மரபுகளில் காலம்

காலம் தானே நிற்கும் ஒரு மெய்ப்பொருளா, அல்லது அறியாமை நீங்கியதும் கூடவே நீங்கிவிடும் தோற்றமா என்பது வேதாந்த, சைவ மெய்யியல்களில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. 'அத்துவிதம் காலத்தைப் பொய் என்கிறது' என்று ஒரே வரியில் சொல்லிவிடும் பழக்கம் இன்று பரவியிருக்கிறது. அது பாதி உண்மைதான். சங்கரர் வழியில் காலத்துக்குக் கிடைக்கும் இடம் ஒன்று, இராமானுசர் வழியில் கிடைப்பது வேறு, மெய்கண்டார் வழியில் கிடைப்பது மற்றொன்று. மூவருமே பரம்பொருளையும் உயிரையும் அடியோடு பிரித்துவிடச் சம்மதிக்காதவர்கள். காலம் உண்மை என்று சொன்ன தரப்புக்குச் சென்னையின் மேற்குப் புறநகரோடு நெருங்கிய உறவு உண்டு. இராமானுசரின் வழிகாட்டி திருக்கச்சி நம்பி பூந்தமல்லியில் பிறந்தவர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அதற்கு அருகிலுள்ள குன்றத்தூர்க்காரர். அவர் பாடிய அறுபத்துமூவரில் காலத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வைப்பவர், ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார்.

பூசலார் கதையை ஊரில் பலரும் அறிவர். சிவனுக்குக் கற்றளி எழுப்ப ஆசைப்பட்டார், பொருள் சேரவில்லை. மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் தேடி, நல்ல நாளில் அடித்தளம் இட்டு, விமானம், மதில், கிணறு, குளம் என ஒவ்வொன்றாகக் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் பெருங்கோயில் கட்டி முடித்த காடவர்கோனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, திருநின்றவூர்க் கோயிலுக்கு அன்று தாம் செல்ல வேண்டும், உன் விழாவைத் தள்ளி வை என்றார். மன்னன் திருநின்றவூர் வந்து கோயில் எங்கே என்று கேட்டபோது, அப்படி ஒன்று இல்லை என்றார்கள் ஊரார். அந்த மன்னனைப் பல்லவன் இராசசிம்மனாகவும், கோயிலை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கயிலாசநாதர் கோயிலாகவும் கொள்வது வழக்கம். அக்கோயில் கல்வெட்டொன்று அசரீரி கேட்டதைக் குறிப்பிடுவதை ஆய்வாளர்கள் இக்கதையோடு இணைத்துப் பார்ப்பதுண்டு. திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயில் கருவறையில் பூசலார் உருவமும் இருக்கிறது.

புற உலகம் பொய், மனமே மெய் என்பதற்குச் சான்றாக இக்கதையைச் சொல்பவர்கள் உண்டு. சேக்கிழார் சொன்ன கதை அப்படி முடிவதில்லை. மனக்கோயிலில் கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. ஆனால் நாள் இருக்கிறது. அந்த நாள் காஞ்சி மன்னனின் நாளோடு மோதுகிறது, ஒருவர் விழா தள்ளிப்போகிறது. அகத்தில் நடப்பதற்கும் புறத்தில் நடப்பதற்கும் பொதுவான ஒரே காலம் இல்லையென்றால் கதையே இல்லை. கோயிலை மனத்துக்குள் கொண்டுபோன அடியார், திதியையும் நட்சத்திரத்தையும் ஊர் உலகத்தோடு பகிர்ந்துகொண்டார். மெய்கண்டார் வழியான சைவ சித்தாந்தக் கொள்கையோடு இது நன்றாகவே பொருந்துகிறது. சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களில் காலமும் ஒன்று. அசுத்த மாயையிலிருந்து தோன்றுவது. அங்கே மாயை என்பது பொய்த்தோற்றம் அல்ல, உலகுக்கு முதற்காரணமாகிய உள்பொருள். ஆகவே அதில் பிறந்த காலமும் உள்ளதே. கழிந்தது, நிகழ்வது, வருவது என உயிரின் வினைப்பயனை வரையறுத்துத் தருவது அதன் வேலை. சிவன் மட்டும் அந்த எல்லைக்குள் வருவதில்லை.

சங்கரர் வழி வேறு திசையில் செல்கிறது. அவருக்கு முன்னோடியான கௌடபாதர், மாண்டூக்கிய காரிகையில் ஒரு கடுமையான அளவுகோலை வைத்தார்: தொடக்கத்திலும் முடிவிலும் இல்லாத ஒன்று நடுவிலும் இல்லை. எதுவுமே உண்மையில் பிறக்கவில்லை என்னும் அசாதி வாதம் அவருடையது. பிறப்பு இல்லையென்றால் முன்பின் ஏது? சங்கரர் இதைச் சற்றே நிதானமாக்கி, பாரமார்த்திகம், வியாவகாரிகம், பிராதிபாசிகம் என்னும் மூன்று நிலைகளில் வைத்து விளக்கும் மரபுக்கு அடித்தளம் இட்டார். கனவில் கண்டது விழித்ததும் போய்விடும். விழிப்பில் காண்பது பிரம்ம ஞானம் வரும்வரை நிற்கும். காலம் இந்த இரண்டாவதான வியாவகாரிக வகை. அதை இல்லாதது என்று சொல்ல முடியாது. என்றும் உள்ளது என்றும் சொல்ல முடியாது. பிற்கால அத்துவிதியான மதுசூதன சரசுவதி, சித்தாந்த பிந்துவில் காலம் என்பது அவித்தையே என்று நேராகச் சொன்னார்.

வியாவகாரிகம் என்பதைப் புரிந்துகொள்ள மேற்குப் புறநகரின் இரயில் பாதை உதவும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி வட்டாரம் வழியாகவே வாலாஜா ரோடு சென்றது. அந்நாளைய கடிகாரங்கள் காட்டியது மதராஸ் நேரம்: கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன். 1906 ஜனவரி 1 முதல் இந்தியச் செந்தர நேரம் வந்தபோது கடிகாரங்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. அந்த நிமிடங்களை யாரும் வாழவில்லை, இழக்கவும் இல்லை. ஆனாலும் வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் புதிய நேரத்துக்குத்தான் போயாக வேண்டும். கூடிச் செய்துகொண்ட அளவீடு நடைமுறையில் முழுமையாகச் செல்லுபடியாகிறது. அத்துவிதி ஒருபடி மேலே போய், அளவீடு மட்டுமல்ல, அளக்கப்படும் காலமும் இத்தகையதே என்கிறார். அந்தக் கடைசிப் படிக்குக் கடிகார மாற்றம் சான்றாகாது. அதற்கு வேறு வாதம் வேண்டும்.

அந்த வாதத்தைக் கதையாகச் சொன்ன நூல் வீரை ஆளவந்தார் தமிழில் தந்த ஞானவாசிட்டம். இலவணன் என்னும் அரசன் அவையில் ஒரு மாயக்காரன் மயிற்பீலியைச் சுழற்றுகிறான். அரசன் சிறிது நேரம் அசைவற்று இருக்கிறான். அந்தச் சிறு பொழுதுக்குள் குதிரையேறிக் காட்டுக்குப் போய், புலைச்சேரியில் மணம் முடித்து, பிள்ளை பெற்று, முதுமை எய்தி, பஞ்சத்தில் தீப்பாய்ந்ததாக அவன் வாழ்ந்து மீள்கிறான். நூலின் கூர்மை அடுத்துத்தான் வருகிறது. அவன் தேடிப்போய்ப் பார்க்கும்போது அந்தச் சேரியும் தன் மாமியும் அங்கே இருக்கக் காண்கிறான். எந்தக் காலம் மெய், அவையிலிருந்தவர்களுடையதா, அவனுடையதா? இரண்டும் மனத்தின் விரிவே என்பது வாசிட்டத்தின் விடை. பூசலார் கதையில் ஒரே நாளில் சந்தித்த அகமும் புறமும் இங்கே வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. இரு மரபுகளின் வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை இணை கிடைப்பது அரிது.

பூந்தமல்லியிலிருந்து மேற்கே செல்லும் அதே சாலையில் இருக்கிறது இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூர். அவர் பயின்றது காஞ்சிக்கு அப்பால் திருப்புட்குழியில், யாதவப் பிரகாசரிடம். மரபு யாதவப் பிரகாசரை அத்துவிதி என்கிறது. ஆய்வாளர்கள், வேற்றுமையும் ஒற்றுமையும் இரண்டுமே உண்மை என்னும் பேதாபேதவாதி என்பர். ஆசிரியரோடு கருத்து முரண்பட்டு விலகிய இராமானுசர், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிவந்த திருக்கச்சி நம்பியை நாடினார். தம் ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை பெற்றுத் தருமாறு வேண்டினார். நம்பி கொண்டுவந்த விடையை வைணவர் 'ஆறு வார்த்தைகள்' என்று போற்றுவர். பரம்பொருள் யார், பேதம் உண்மை, சரணாகதியே வழி, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள் என்பவை அவற்றுள் நான்கு. எஞ்சிய இரண்டும் காலம் பற்றியவை: சாகும் நேரத்தில் இறைவனை நினைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அடியாருக்கு இல்லை, வீடுபேறு உடலின் முடிவில் கிட்டும்.

இந்த இரண்டு வார்த்தைகளின் கனத்தைப் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அத்துவிதத்தில் விடுதலை ஒரு நிகழ்ச்சி அல்ல. என்றும் இருப்பதை இப்போதே அறிவது. எனவே உடலோடு இருக்கும்போதே சீவன்முத்தி உண்டு. இராமானுசரின் விசிட்டாத்துவிதம் சீவன்முத்தியை ஏற்பதில்லை. அங்கே மோட்சத்துக்கு ஒரு முன், ஒரு பின், ஒரு கணம் உண்டு. காத்திருப்பு உண்மையானது, ஆகவே காலமும் உண்மையாக இருந்தாக வேண்டும். பிள்ளை லோகாசாரியர் தத்துவத்திரயத்தில் அறிவற்ற பொருளாகிய அசித்தை மூன்றாக வகுத்து, முக்குணமற்ற மூன்றாவதாகக் காலத்தை வைத்தது இதன் தொடர்ச்சி. ஆயினும் பரமபதத்தில் காலத்தின் ஆட்சி செல்லாது என்பர். இறுதி நினைவு கட்டாயமில்லை என்ற வார்த்தையோ, நினைவு தப்பி இறப்போரின் உறவினருக்கு இன்றும் ஆறுதல் தருவது. காலம் உண்மைதான், ஆனால் ஒருவர் வாழ்நாள் முழுதையும் கடைசி நிமிடம் தீர்மானித்துவிடாது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வியைத் தமிழிலேயே மீண்டும் எழுப்பியவர் இரமண மகரிஷி. 1928இல் இயற்றிய உள்ளது நாற்பதில், இறந்த காலமும் எதிர்காலமும் நிகழ்காலத்தைச் சார்ந்தே நிற்பவை என்றும், அவையும் தத்தம் பொழுதில் நிகழ்காலமே என்றும் காட்டுகிறார். பிறகு, உடல்தான் நாம் என்று கொண்டால் காலத்தில் அகப்படுவோம், அப்படி இல்லையென்றால் நம்மையன்றிக் காலம் ஏது என்று கேள்வியைக் கேட்பவர் மீதே திருப்புகிறார். காலத்தை மறுப்பதைவிட, காலம் யாருக்கு என்று விசாரிப்பதில் அவருக்கு அக்கறை அதிகம். கேம்பிரிட்ஜ் மெய்யியலாளர் மக்டாகர்ட்டும் 1908இல் காலம் உண்மையல்ல என்று வாதிட்டார். இறந்த, நிகழ், எதிர் என்னும் மூன்றும் ஒரே நிகழ்ச்சிக்கு முரணாகப் பொருந்துகின்றன என்ற தருக்கம் அவருடையது. அதில் விசாரிப்பவருக்கு இடமில்லை.

காலம் மித்தை என்று கொள்ளும் மரபினரும் நாள் பார்ப்பதை விட்டதில்லை. காஞ்சி சங்கர மடம் பஞ்சாங்கக் கணக்கர்களைக் கூட்டிச் சதஸ் நடத்துகிறது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு பஞ்சாங்கங்களும் குருப்பெயர்ச்சிக்கு வேறு வேறு நாள் தருவதுண்டு. குருத்தலமான பாடி திருவலிதாயத்தில் அந்நாட்களில் கூட்டம் நிறைகிறது. எந்தப் பூசைக்கும் முன் சொல்லப்படும் சங்கல்பம், 432 கோடி ஆண்டு நீளமுள்ள கற்பத்தில் தொடங்கி, மன்வந்தரம், கி.மு. 3102இல் தொடங்கியதாகக் கொள்ளும் கலியுகம், ஆண்டு, அயனம், மாதம், திதி எனச் சுருங்கி, அன்றைய கிழமையில் வந்து நிற்கும். அத்துவிதியும் விசிட்டாத்துவிதியும் சைவரும் சிற்சில மாற்றங்களோடு அதைச் சொல்லியே பூசையைத் தொடங்குகிறார்கள்.