குந்தல் முகப்பு

குந்தல் முகப்பு: குந்தி உட்காரும் பழக்கத்தோடு தொடர்புடையதாகக் கணுக்கால் எலும்புகளில் காணப்படும், சிறிய வழவழப்பான கூடுதல் மூட்டுப்பரப்பு, தொல்லெலும்பியலில் செயல்தடங்களுள் (பழக்கச் செயல்கள் எலும்பில் விடும் தடயங்களுள்) ஒன்று. குந்தும்போது கால் முன்னெலும்பின் கீழ்விளிம்பு கணுக்கால் எலும்பின் கழுத்தில் அழுந்துகிறது. அந்த இடத்தில் முகப்பு உண்டாகிறது. 1889இல் ஆர்தர் தாம்சன் இதை விவரித்தார். 1890களில் ஹேவ்லாக் சார்ல்ஸ் இதைப் பஞ்சாபியரிடம், குந்தியே இராத பிறவாச் சிசுக்களிலும்கூட, கண்டார். எனவே இத்தடத்தை மட்டும் கொண்டு ஒருவரின் தொழிலை உறுதிசெய்வது பிழை. மாறாக, சிரியாவின் அபு ஹுரைரா தொல்களத்தில் கால்விரல், முழங்கால், முதுகெலும்பு மாற்றங்களைச் சேர்த்து நோக்கிய எலும்பாய்வாளர் தியா மோலசன், மண்டியிட்டுத் தானியம் அரைத்தோரை அடையாளம் கண்டார். தமிழகத்தின் கல்வராயன் மலையில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் உள்ளன. ஆனால் ஆதிச்சநல்லூர், கொந்தகை முதுமக்கள் தாழிகளைப் போலன்றி, திறந்த கல்திட்டைகளில் இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய எலும்புகள் முழுதாக எஞ்சுவது அரிது. இம்முகப்போடு தொடர்புடைய குந்துதலோ, களையெடுப்பிலும் அடுப்படியிலும் தமிழகத்தில் இன்றும் வழக்கம்.