கல்லும் வர்க்கமும்: பெல்பிறிக் மாளிகை பற்றிய ஒரு குறிப்பு

கட்டடமொன்றின் வரலாற்றை அதனைக் கட்டுவித்தோரின் வரலாறாக மட்டும் காண்பது கலை வரலாற்றாசிரியர் பலரிடம் நெடுங்காலம் நிலவிவந்த நோக்காகும். கட்டடப் பொருளிலிருந்தும் உழைப்பிலிருந்தும் தொடங்கினால் வேறொரு வரலாறு புலனாகும். இங்கிலாந்தின் கிழக்கே, நோர்போக்கில், குறோமர் நகருக்கு அண்மையிலுள்ள பெல்பிறிக் மாளிகையை நாம் இவ்வாறு நோக்கலாம்.

நோர்போக்கிற் கட்டடத்துக்கேற்ற நல்ல கல் அரிது. சுண்ணப்பாறைப் படைகளில் உருவாகும் சிக்கிமுக்கிக் கல்லே வயல்களிலும் கடற்கரையிலும் மிகுதியாகக் கிடைப்பது. அது கடினமானது, ஒழுங்கற்ற உருவுடையது, அதனைக் கொண்டு நேரிய மூலைகளை அமைத்தல் எளிதன்று. எனவே கொத்தர் அதனைச் சாந்திற் பதித்துச் சுவரெழுப்பி, மூலைகளுக்கும் சாளர ஓரங்களுக்கும் செங்கல்லையோ வெளியிலிருந்து கொணர்ந்த கல்லையோ பயன்படுத்தினர். பிற்காலத்தார் அழகெனப் போற்றிய இக்கலப்பு தேவையிற் பிறந்ததாகும்.

1620களில் விண்டம் குடும்பத்தினர் எழுப்பிய தென்முகப்பில் இத்தகைய சுவரைச் சாந்துப் பூச்சு மறைத்தது. அதன் உச்சியிலுள்ள கைப்பிடிச் சுவரிலோ இறைவனை மகிமைப்படுத்தும் இலத்தீன் வாசகம் பேரெழுத்துகளாகச் செதுக்கப்பட்டது. நிலவுடைமையாளரின் செல்வம் தெய்வ சம்மதம் பெற்றதாக இங்கு தோற்றமளிக்கிறது. வில்லியம் சாம்வெல் 1670களில் வரைந்த திட்டத்துக்கமைய 1680களில் நிறைவுற்ற மேற்குப் பகுதி இதனின்று வேறுபட்டது. அங்கு செங்கல் வெளிப்படையாகவே நிற்கிறது. சாளரங்கள் சீராக அணிவகுக்கின்றன. உள்நாட்டுப் போருக்கும் முடியாட்சி மீட்சிக்கும் பின்னர் உருவான நிலவுடைமை வர்க்கம், சமய வாசகத்தைவிட ஒழுங்கையும் அளவையுமே தன் அதிகாரத்தின் மொழியாகக் கொண்டது எனலாம்.

இம்மாளிகையின் உரிமையாளருள் ஒருவரான வில்லியம் விண்டம், வாரன் ஹேஸ்ரிங்ஸ் மீதான குற்ற விசாரணையிற் பங்கேற்றவர். 1806-1807இல் யுத்த, குடியேற்ற நாட்டு அமைச்சராகவும் இருந்தார். 1802இல் முடிக்குரிய குடியேற்ற நாடாகிய இலங்கையும் அவ்வமைச்சின் பொறுப்பிலேயே இருந்தது. ஆகவே பெல்பிறிக் எமக்கு முற்றிலும் அந்நியமான வீடன்று.

1863இல் இம்மாளிகை நொறிச் நகர வணிகர் யோன் கெற்றனின் கைக்கு மாறியது. நிலவுடைமைக் குடும்பத்தின் இடத்தில் வணிக மூலதனம் அமர்ந்தது. அக்குடும்பத்தின் இறுதி உரிமையாளர் 1969இல் மறைந்தபோது, அது மரபுரிமை பேணும் நஷனல் ட்றஸ்ற்றைச் சேர்ந்தது.

உடைமை இவ்வாறு கைமாறியபோதும் சுவர் அப்படியே நின்றது. கல் பொறுக்கியோரையும் சூளையிட்டோரையும் கொத்தரையும் முகப்பு வாசகம் கூறவில்லை. அவர்களின் சான்று சுவரேயாகும். வாசகத்தை வாசிக்கும் நாம் சுவரையும் வாசித்தல் வேண்டும்.