இல்லாத விசையை அழுத்துவது எப்படி? - கீமேப்பின் வரலாறு

விசைப்பலகை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று இன்று தோன்றலாம். ஆனால் ஒரு காலத்தில் தவறான விசைப்பலகையின் முன் அமர்ந்தவர், திறந்த திரையிலிருந்து வெளியே வரக்கூட முடியாமல் தவிக்க நேர்ந்தது.

1971-ல் ஐபிஎம் நிறுவனம் 3270 வகை டெர்மினல்களை அறிமுகப்படுத்தியது. இவற்றில் தட்டும் எழுத்துகள் உடனே மெயின்பிரேமுக்குச் செல்லாது, டெர்மினலிலேயே சேர்ந்திருக்கும். என்டர் அல்லது பிஎஃப் விசை ஒன்றை அழுத்தினால்தான் மொத்தமாகப் போகும். மெயின்பிரேமின் வேலைப்பளு இதனால் பெரிதும் குறைந்தது. பிஎஃப் விசைகள் 12 அல்லது 24 இருக்கும். பல மென்பொருட்களில் வெளியேற பிஎஃப்3, பக்கம் நகர்த்த பிஎஃப்7, பிஎஃப்8 என்பது வழக்கம். எழுதக்கூடாத இடத்தில் எழுதினால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க ரீசெட் விசை உண்டு.

1978-ல் டெக் நிறுவனத்தின் விடி100 வந்தது. இது நேர் எதிரானது. ஒவ்வொரு எழுத்தும் தட்டியவுடன் போய்விடும். பிஎஃப் விசைகள் நான்கு மட்டுமே. 3270-ன் ரீசெட் விசைக்கு இணையானது இதில் இல்லை. மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் எஸ்கேப் குறியுடன் சேர்த்து மூன்று குறியீடுகள் செல்லும்.

இந்த இரண்டையும் இணைக்கப் பிறந்ததே கீமேப். 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழக யுனிக்ஸில் டிஎன்3270 என்ற நிரல் இடம்பெற்றது. அதனுடன் வந்த மேப்3270 கோப்பு ஒரு சாதாரண உரைக்கோப்புதான். எஸ்கேப்பை அடுத்து 1 தட்டினால் பிஎஃப்1, கன்ட்ரோல்-இசட் தட்டினால் கிளியர் என்று வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கும். யாரும் திருத்திக்கொள்ளலாம்.

பின்னர் சிஸ்கோவின் அக்சஸ் சர்வர்களும் இதே முறையைப் பின்பற்றின. 2511 மாடலில் 16 இணைப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மோடமோ டெர்மினலோ இருக்கலாம். ஆகவே நிர்வாகி கீமேப் கட்டளையால் பட்டியலை எழுதி, எந்த இணைப்புக்கு எது என்று தனித்தனியே குறிக்க வசதி செய்யப்பட்டது. பயனரும் தன் அமர்வுக்கு மட்டும் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதில் கவனமும் தேவைப்பட்டது. கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-கியூ ஆகியவை தகவல் ஓட்டத்தை நிறுத்தவும் தொடரவும் பயன்படுபவை. அந்த வசதி இயங்கும் இணைப்பில் இவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் அவை கீமேப்பை எட்டுவதே இல்லை. பட்டியலில் ரீசெட் விடுபட்டால், பயனர் பூட்டிய திரையின் முன் அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

கீமேப்பினால் மெயின்பிரேம் நிரல்களை மாற்றி எழுதத் தேவையிருக்கவில்லை. வாங்கிய டெர்மினல்களையும் தூக்கி எறியத் தேவையிருக்கவில்லை. இரு நிறுவனங்கள் தனித்தனியே வகுத்த பழக்கங்களைச் சில வரிகள் இணைத்து வைத்தன. பெரிய கண்டுபிடிப்புகளின் பட்டியலில் கீமேப்புக்கு இடமில்லை என்றாலும், பலரின் அன்றாட வேலை அதை நம்பியே நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.